ஆகுஸ்தின் பாரியோஸ் மங்கோரே: கற்றல், இயற்றல், பகிர்தல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் பயிலும் மாணவர்கள் ஓரளவு தேர்ச்சி பெற்றதும் பாரியோஸ் என்ற பெயரை எப்படியும் சந்திக்கிறார்கள். அவருடைய படைப்புகளை வாசிக்க விரும்புவோரும், அவர் எப்படி வாழ்ந்தார் என்று அறிய விரும்புவோரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. கற்பதும் இயற்றுவதும் பிறருக்குக் கொடுப்பதும் அவரிடம் ஒரே வேலையாக இருந்தன என்பதும், அவருடைய இசை இன்று நம்மிடம் இருப்பதற்கு அதுவே காரணம் என்பதும் என் உறுதியான கருத்து.

பாரியோஸ் யார்?

ஆகுஸ்தின் பியோ பாரியோஸ் 1885 மே 5 அன்று தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில், மிசியோனெஸ் பகுதியில் பிறந்தார். 1944 ஆகஸ்ட் 7 அன்று மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடாரின் தலைநகர் சான் சால்வடாரில் காலமானார். தன் காலத்தில் கிட்டாருக்காக எழுதியவர்களில் மிகச் சிறந்தவர் அவர் என்று கருதுவோர் பலர். நானும் அவர்களில் ஒருவன். பராகுவே அரசு தன் 50,000 குவாரானி பணத்தாளில் அவருடைய உருவத்தை அச்சிட்டிருக்கிறது. ஆனால் அவர் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த நாட்டுக்கு வெளியேதான் கழித்தார்.

அவர் யாரிடம் கற்றார்?

பராகுவே 1864 முதல் 1870 வரை பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே ஆகிய மூன்று நாடுகளுடன் போரிட்டுச் சிதைந்துபோன நாடு. போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அங்கே இசைக் கல்லூரியோ பெரிய அரங்குகளோ காத்திருக்கவில்லை. வீட்டில்தான் இசை இருந்தது. பெற்றோர் கல்வியையும் கலையையும் மதித்தவர்கள். தாய் பள்ளி ஆசிரியை. சகோதரர்களோடு சேர்ந்து நாட்டுப்புற நடனப் பாடல்களை வாசித்தபடியே அவர் கிட்டாரைப் பழகினார்.

பதின்ம வயதில் அவருக்கு முறையான ஆசிரியராகக் கிடைத்தவர் குஸ்தாவோ சோசா எஸ்கலாதா. சிறுவனின் திறமையைக் கண்ட அவர், அவரைத் தலைநகர் அசுன்சியோனுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும்படி குடும்பத்தாரிடம் எடுத்துச் சொன்னார். ஃபெர்னாண்டோ சோர், தியோனிசியோ அகுவாதோ ஆகிய ஸ்பானிய முன்னோர்களின் பாடமுறைகளையும் ஃபிரான்சிஸ்கோ தாரெகாவின் படைப்புகளையும் பாரியோஸ் அவர் வழியாகவே அறிந்தார். அதுவரை செவிவழியாக வாசித்துவந்த பையனுக்கு எழுதப்பட்ட இசையின் உலகம் திறந்தது அப்போதுதான். இசைக் கோட்பாட்டையும் அவர் அசுன்சியோனில்தான் பயின்றார்.

பள்ளியில் கணிதமும் இலக்கியமும் அவரை ஈர்த்தன. கவிதை எழுதினார், படம் வரைந்தார். அழகான கையெழுத்துக்குப் பெயர்பெற்றிருந்தார். ஸ்பானியம், பராகுவேயின் பழங்குடி மொழியான குவாரானி என்ற இரு மொழிகளுக்கு இடையில் வளர்ந்தவர் அவர். பிற்காலக் கையெழுத்துப் பிரதிகளில் காணப்படும் ஒழுங்குக்கும் இந்தப் பரந்த படிப்புக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆசிரியரை விட்டு வந்த பிறகு படிப்பு நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. 1910-இல் சில நிகழ்ச்சிகளுக்காக அர்ஜென்டினாவுக்குப் புறப்பட்டவர், பல ஆண்டுகள் சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் உருகுவே, பிரேசில் என்று சுற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுகளில் அவருக்கு ஆசிரியராக இருந்தவை பிற வாத்தியங்களுக்காக எழுதப்பட்ட படைப்புகளே. பாக், பேத்தோவன், ஷோப்பான், ஷூமான் ஆகியோரின் இசையைக் கிட்டாருக்கு மாற்றி எழுதினார். பியானோவில் பத்து விரல்களும் இரண்டு கைகளும் சேர்ந்து எழுப்பும் ஒலியை ஆறு தந்திகளுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால், எந்தக் குரலை (சேர்ந்து ஓடும் இசை வரிகளில் எதை) விடலாம், எதை விடவே கூடாது என்று ஒவ்வொரு அடியிலும் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுகளை எடுத்து எடுத்துத்தான் ஒருவர் இசையமைப்பாளர் ஆகிறார். பாரியோஸின் வால்ட்ஸ்களில் ஷோப்பானின் சாயலும், சி மைனர் பிரெலூடில் (சி மைனர் என்ற சுர அமைப்பில் எழுதிய சிறு முன்னிசையில்) பாக்கின் சாயலும் தெரிவது இந்தப் பயிற்சியின் விளைவே.

கோட்பாட்டுப் பாடம் எதற்கு, பாட்டு வாசித்தால் போதாதா என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆண்டுகளைத்தான். ஊர் ஊராகச் சென்று வாசித்துப் பிழைத்த ஒருவர், கிடைத்த பொழுதை எல்லாம் பிறர் படைப்புகளைப் பிரித்துப் பார்ப்பதில் செலவிட்டார்.

பயணங்கள் அவருடைய படைப்புகளை எப்படி மாற்றின?

அவர் எந்த நாட்டில் தங்கினாலும் அந்த நாட்டின் நடனம் அவருடைய கிட்டாருக்குள் வந்து சேர்ந்தது. அர்ஜென்டினாவின் சாம்பா, உருகுவேயின் பெரிகோன், சிலியின் குவேக்கா, பிரேசிலின் மஷீஷேயும் ஷோரோவும் அவர் கையில் தனிப் படைப்புகளாயின. 'மஷீஷே', 'ஷோரோ டா சவுதாதே', 'ஐரே தே சாம்பா' முதலியவற்றை அடுத்தடுத்துக் கேட்டால் அவர் நடந்த பாதையே காதில் விரியும்.

சொந்த மண்ணும் விட்டுப்போகவில்லை. 'தான்சா பராகுவாயா' என்ற படைப்பில், ஆறு சம அசைவுகள் கொண்ட ஓர் அளவை மூன்று மூன்றாகவும் இரண்டு இரண்டாகவும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டியிருக்கும். மேல் குரல் ஒரு கணக்கிலும் தாழ்ந்த தந்திகள் இன்னொரு கணக்கிலும் நகரும். கட்டைவிரலுக்குத் தனித் தாள உணர்வு இல்லாதவரால் இதை நடனமாக வாசிக்க முடியாது. ஸ்வரங்கள் எல்லாம் சரியாக விழுந்தாலும் பாட்டு உயிரற்றிருக்கும்.

'லா கத்தெட்ரால்' ஏன் இவ்வளவு போற்றப்படுகிறது?

பி மைனரில் அமைந்த இந்தப் படைப்பு 1921-இல் இரண்டு பகுதிகளாக உருவானது. முதலாவது 'அந்தாந்தே ரெலிஹியோசோ'. மான்டிவிடியோ பேராலயத்தில் பாரியோஸ் பெற்ற அனுபவத்திலிருந்து பிறந்தது இது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அகன்ற, கனமான சுரக்கோவைகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களின் சேர்க்கைகள்) ஆலயத்தின் ஆர்கன் இசையை நினைவூட்டும். இரண்டாவதான 'அலெக்ரோ சொலெம்னே' முழுவதும் ஓயாது ஓடும் விரலோட்டம். ஆலயத்தின் அமைதியிலிருந்து வெளியே வந்ததும் எதிர்ப்படும் தெருவின் பரபரப்பு அது என்று விளக்குவார்கள்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1938-இல், ஹவானாவில் இருந்தபோது அவர் இதற்கு ஒரு முன்பகுதியை எழுதிச் சேர்த்தார். 'பிரெலூடியோ சவுதாதே' எனப்படும் அந்தப் பகுதியில், தொடர்ந்து அசையும் கீழ்ச் சுரங்களுக்கு மேலே ஒரு மெலிந்த இன்னிசை தனியே செல்கிறது. முப்பத்தாறு வயது மனிதர் எழுதி, மேடைகளில் வாசித்துப் பெயர்பெற்ற ஒரு படைப்பை, ஐம்பத்து மூன்று வயதில் மீண்டும் எடுத்து, இதற்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது என்று கண்டுகொண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இன்று இந்த மூன்று பகுதிகளையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். முன்பகுதி இல்லாமல் அந்தப் படைப்பை இப்போது கற்பனை செய்வதே கடினம்.

அவருடைய ட்ரெமொலோ படைப்புகளில் என்ன சிறப்பு?

கிட்டாரில் மீட்டிய ஒலி விரைவில் தேய்ந்துவிடும். வயலினைப் போல ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க முடியாது. கட்டைவிரல் கீழ்த் தந்தியை மீட்டிய பின், மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் ஒரே மேல் தந்தியை அடுத்தடுத்து விரைவாக மீட்டினால், கேட்பவர் காதில் அது நீண்ட ஒரே குரலாகிவிடுகிறது. இதுவே ட்ரெமொலோ.

'உன் சுவேன்யோ என் லா ஃப்ளோரெஸ்தா' என்ற படைப்பில் பாரியோஸ் இந்த நுட்பத்தை நெடுந்தொலைவு கொண்டுசெல்கிறார். ஐந்தாம், ஆறாம் தந்திகளை வழக்கத்தைவிடத் தாழ்த்திச் சுருதி சேர்க்க வேண்டும். பொதுவான கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்தில் 19 ஃப்ரெட்டுகள் (சுர இடங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகள்) தான் இருக்கும். இந்தப் படைப்போ முதல் தந்தியில் இருபதாம் ஃப்ரெட்டின் சி ஸ்வரத்தைக் கேட்கிறது. அவருடைய கிட்டாரில் அது இருந்தது. பலரும் அந்த ஓரிடத்தை மாற்றி வாசிக்கிறார்கள். சிலர் தங்கள் வாத்தியத்தில் கூடுதலாக ஒரு ஃப்ரெட் பொருத்திக்கொள்கிறார்கள்.

அவருடைய கடைசிப் படைப்பாகச் சொல்லப்படுவதும் ஒரு ட்ரெமொலோதான். சான் சால்வடாரில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, கடவுளின் அன்பை முன்னிட்டுப் பிச்சை கேட்ட ஒரு முதியவளின் நினைவாக 1944-இல் எழுதப்பட்டது என்று அவருடைய மாணவர்கள் வழியாக வரலாறு வந்திருக்கிறது. 'உனா லிமோஸ்னா போர் எல் அமோர் தே தியோஸ்' என்ற அந்தப் பாட்டில், கதவு தட்டும் ஒலி மேல் குரலுக்கு அடியில் திரும்பத் திரும்பக் கேட்கும்.

அவர் உலோகத் தந்திகளைப் பயன்படுத்தியது உண்மையா?

உண்மை. அக்காலத்துக் கச்சேரிக் கலைஞர்கள் விலங்குக் குடலால் ஆன தந்திகளையே கட்டினார்கள். குடல் தந்தி ஈரக்காற்றில் சுருதி இழக்கும், எளிதில் அறும். பாரியோஸ் மேல் தந்திகளுக்கு உலோகத்தைப் பயன்படுத்தினார். அதன் கூர்மையான ஓசையைக் குறைக்க, கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பாலத்தைத் தந்தி தொடும் இடத்துக்கு அருகே சிறு ரப்பர்த் துண்டுகளைச் செருகினார் என்பர். இதற்காக விமர்சகர்கள் அவரைக் குறைகூறினார்கள். நைலான் தந்திகள் கச்சேரிக் கிட்டாரில் வழக்கத்துக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நம் ஊரில் பெரும்பாலானோர் உலோகத் தந்தி கட்டிய கிட்டாரில் திரைப்பாடல்களோடு தொடங்குகிறார்கள். அவர்களில் சிலர் பாரியோஸை வாசிக்க நைலான் கட்டாயமா என்று கேட்பதுண்டு. இன்றைய பதிப்புகளின் விரல் குறியீடுகள் அகன்ற கழுத்துள்ள நைலான் கிட்டாரை மனத்தில் கொண்டவை என்பதால், அதில் கற்பதே எளிது. ஆனால் உலோகத் தந்தியில் வாசிப்பதை இழிவாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

இறகு அணிந்து மேடை ஏறியது ஏன்?

1930களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் அவர் 'நிட்சுகா மங்கோரே' என்ற பெயரில் தோன்றினார். ஆகுஸ்தின் என்ற பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக வரிசைப்படுத்தியது முற்பாதி. ஸ்பானியர்களை எதிர்த்த பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர் பிற்பாதி. பழங்குடி உடையும் இறகுகளும் அணிந்து, மூங்கிலும் பனையோலையும் சூழ்ந்த மேடையில் அமர்ந்து வாசித்தார். புகழ்பெற்ற இத்தாலிய வயலின் மேதை பகனினியோடு ஒப்பிட்டு, பராகுவேயின் காடுகளிலிருந்து வந்த கிட்டார் பகனினி என்று விளம்பரங்கள் அறிவித்தன.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. கூட்டம் சேர்க்க அது உதவியது உண்மையே. ஆயினும், குவாரானிக் கடவுளான துபா தனக்கு மரப்பெட்டி ஒன்றைக் கொடுத்து அதன் மறைபொருள்களைத் தேடச் சொன்னதாக அவர் எழுதிய கவிதையைப் படிக்கும்போது, தன் வேர்களைப் பற்றிய உண்மையான பெருமிதமும் அதில் கலந்திருந்தது என்றே கருதுகிறேன். 1930களின் நடுவில் அந்த உடையைக் கைவிட்டார். மங்கோரே என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

அவருடைய இசை பிறரிடம் எப்படிச் சென்று சேர்ந்தது?

இதுவே இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி. பாரியோஸின் படைப்புகளில் மிகச் சிலவே அவர் வாழ்நாளில் அச்சேறின. அப்படியிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்டவை கிடைத்திருப்பதற்கு மூன்று வழிகள் காரணமாயின.

முதலாவது நட்பு. உருகுவேயைச் சேர்ந்த மார்ட்டின் போர்தா இ பகோலா, பாரியோஸைத் தன் வீட்டில் தங்கவைத்துப் பேணிய நண்பர். பாரியோஸ் மனத்தில் இயற்றி மேடையில் வாசித்துவிட்டுப் போகும் இயல்பினர். வாசித்ததைத் தாளில் எழுதிக்கொடுக்கும்படி விடாமல் வற்புறுத்தி, எழுதியவற்றைப் பத்திரப்படுத்தினார் போர்தா இ பகோலா. பாரியோஸ் தங்கிய மற்ற ஊர்களிலும் நண்பர்களுக்கும் உபசரித்தவர்களுக்கும் தன் கையாலேயே பிரதி எழுதிக் கொடுத்துச் சென்றார். அதனால்தான் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் ஒரே பெட்டியில் கிடைக்காமல் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன.

இரண்டாவது இசைத்தட்டு. 1910களிலேயே அவர் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். கிட்டார் கச்சேரி இசையைப் பதிவு செய்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். 1920களின் இறுதியில் ஓடியோன் நிறுவனத்துக்காக நிறையப் பதிந்தார். மின் ஒலிவாங்கி வருவதற்கு முந்தைய பதிவுகளில் மெல்லிய ஒலியுள்ள கிட்டாரைப் பிடிப்பது மிகவும் சிரமம். அங்கே உலோகத் தந்தி அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். தாளில் கிடைக்காத சில படைப்புகளை, பிற்காலத்தவர் அந்தத் தட்டுகளை மீண்டும் மீண்டும் கேட்டே எழுதி எடுத்தார்கள்.

மூன்றாவது மாணவர்கள்.

அவர் எப்போது ஆசிரியரானார்?

1934 முதல் 1936 வரை ஐரோப்பாவில் கழித்தார். தொமாஸ் சலொமோனி என்ற பராகுவே தூதரின் ஆதரவில் அமைந்த பயணம் அது. பிரஸ்ஸல்ஸ் இசைக் கல்லூரியில் அவர் வாசித்தார். மீண்டும் லத்தீன் அமெரிக்காவுக்குத் திரும்பிய பின் உடல்நலம் குன்றியது. இதயநோய் நீண்ட பயணங்களைத் தடுத்தது. எல் சால்வடார் அவருக்குப் புகலிடம் அளித்தது. அங்குள்ள தேசிய இசைக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து இறுதிவரை கற்பித்தார்.

மாணவர்கள் கூட்டம் சிறியதுதான். மங்கோரேயின் பிள்ளைகள் என்னுமளவுக்கு அவர்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். தன் படைப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதித்தார், விரல் வைப்பைக் கற்றுக்கொடுத்தார், பயிற்சிகள் எழுதித் தந்தார். அவர் இறந்த பிறகு அந்தப் பிரதிகளைப் பல பத்தாண்டுகள் காத்துவைத்தவர்கள் அவர்களே.

அப்படியானால் ஏன் நெடுங்காலம் மறக்கப்பட்டார்?

அச்சுப் பிரதி இல்லாத இசை தொலைவில் உள்ளவர்களைச் சென்று சேராது. மேலும், அந்நாளில் உலகக் கிட்டார் மேடையை ஆண்டவர் ஸ்பெயினின் ஆந்த்ரெஸ் செகோவியா. 1921-இல் புவெனஸ் ஐரிஸில் இருவரும் சந்தித்தபோது பாரியோஸ் 'லா கத்தெட்ரால்' உள்ளிட்ட தன் படைப்புகளை அவருக்கு வாசித்துக் காட்டினார். ஆனால் செகோவியா அவற்றை இசைத்தட்டில் பதியவில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செகோவியாவின் தேர்வே பாடத்திட்டமாக இருந்த காலத்தில் இதன் விளைவு பெரிது.

மீட்பு மெல்லத்தான் நடந்தது. பராகுவேயின் கிட்டார் கலைஞர் காயோ சிலா கோதோய் கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் திரட்டினார். அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோவர் 1970களின் நடுவிலிருந்து பல தொகுதிகளாகப் பதிப்பித்தார். வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1977-இல் கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் பாரியோஸின் படைப்புகளை மட்டுமே கொண்ட ஓர் இசைத்தட்டை வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. நம் காலத்தில் பராகுவேயின் கிட்டார் கலைஞர் பெர்த்தா ரோஹாஸ், பாரியோஸ் சென்ற நாடுகளுக்கெல்லாம் சென்று அவர் இசையை வாசித்திருக்கிறார்.

ஒரே படைப்பு வெவ்வேறு பதிப்புகளில் வேறுபடுவது ஏன்?

ஒவ்வொரு முறை எழுதிக் கொடுத்தபோதும் அவர் சிறிது மாற்றினார். மேடையில் வாசிக்கும்போதும் மாற்றினார். ஒலிப்பதிவில் இருப்பது கையெழுத்துப் பிரதியில் இருக்காது. ஆகவே எது சரி என்று ஒன்றை மட்டும் கேட்பது பயன் தராது. இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து, எங்கே, எதற்காக மாற்றினார் என்று பாருங்கள். இயற்றுதலைப் பற்றி அதைவிடச் சிறந்த பாடம் எளிதில் கிடைக்காது.

எதிலிருந்து தொடங்கலாம்?

சி மைனர் பிரெலூட் நல்ல தொடக்கம்; வலக்கை அசைவு சீரானது, சுரக்கோவைகளின் நகர்வைக் கேட்கப் பழக்கும். அதற்குப் பின் 'வில்யான்சிகோ தே நவிதாத்' என்ற கிறிஸ்துமஸ் பாடலும், பின்னர் 'ஹூலியா ஃப்ளோரிடா'வும் வரலாம். ஹூலியாவில் வேகம் இல்லை. ஆனால் இடக்கை விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டே இன்னிசையை அறுபடாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்பதால் அதை எளிது என்று எண்ணிவிடக் கூடாது. ட்ரெமொலோ சீராக வந்த பிறகே 'உனா லிமோஸ்னா'வைத் தொடுங்கள். 'லா கத்தெட்ரால்' முன்பகுதியை முதலில் தனியாகக் கற்று, இறுதி அலெக்ரோவைப் பாதி வேகத்தில் பல மாதங்கள் வைத்திருங்கள். பாரியோஸின் சொந்தப் பதிவுகள் இரைச்சலோடுதான் கேட்கும். இருந்தாலும் ஒவ்வொரு படைப்பையும் கையில் எடுக்குமுன் அவர் வாசித்தது கிடைத்தால் அதையே முதலில் கேளுங்கள், மற்றவர்களுடையதைப் பிறகு கேட்கலாம்.